மாப்புக் கேட்கக் கூடாது

பணக்காரர்களுக்கு எவ்வளவு பயம் என்று சுகிர்தாவுக்கு வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. அவள் வளர்ந்த மஹய்யாவ வரிசை வீட்டில் கூரை ஒழுகினால் கீழே பேசினை வைப்பார்கள், அத்தோடு சரி. கண்டியின் மேட்டு வீடுகளில் இருந்தவர்களோ நெருப்புக்குப் பயந்தார்கள், மண்சரிவுக்குப் பயந்தார்கள், சாரதிக்கும் சமையல்காரிக்கும் சொந்த மருமகனுக்கும் பயந்தார்கள். அந்தப் பயங்களைத் தரம் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்ற காப்புறுதியைக் கம்பனிகளிடமிருந்து வாங்கிக் கொடுக்கும் தரகு நிறுவனம் ஒன்றைத்தான் மோகனராஜ் நடத்தினார். அங்கே சுகிர்தாவுக்குக் கொடுத்த பதவியின் பெயர் குடும்ப இடர் ஆலோசகர்.

மாநகரசபைக் குப்பை லொறியில் ஆயுளைக் கழித்த அப்பாவுக்கு அதை விளங்கப்படுத்த முடியவில்லை. மகள் பேராதனையில் பட்டம் எடுத்ததை அவர் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவர். இந்த வேலையைப் பற்றி மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. "காசு இருக்கிறவனுக்கு என்னடி ஆபத்து?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அவளுக்கும் பதில் இருக்கவில்லை. சம்பளம் இருந்தது.

ஆனால் ஒரு காரியத்தில் அவளுக்குப் பெருமை இருந்தது. அது ஸெய்னுலாப்தீன் ஹாஜியாரின் வீட்டு விவகாரம்.

ஹாஜியாருக்குக் கறுவா, ஏலம், சாதிக்காய் வியாபாரம். மடவளைக்குப் போகும் பாதையில் ஒரு மேட்டில் வீடு. வீட்டின் பின்பக்கத்தில் மண்ணைத் தாங்கிக்கொண்டு உயரமான மதில் ஒன்று வெள்ளை வெளேரென்று நிற்கும். மதிலின் காலடியில் ஒரு வரிசை வீடுகள். வத்தேகமப் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை இல்லாமல் போனபோது இறங்கி வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் அவை. வீட்டைப் பார்வையிடப் போன அன்றே சுகிர்தா சொன்னாள்: உங்கள் வீட்டுக்கு மட்டும் எடுத்தால் போதாது, உங்கள் சொத்தால் வெளியாளுக்கு உயிர்ச்சேதம் வந்தாலும் கம்பனி நட்டஈடு கொடுக்கிற மாதிரி எடுக்க வேண்டும்.

ஹாஜியாரின் மகன் ரஸீனுக்கு அது பிடிக்கவில்லை. "கீழ ஈக்கிறவங்களுக்கு நாங்க எனத்துக்கு மிஸ் காசு கட்டணும்?"

"மேல இருக்கிறது நீங்க. விழுந்தா கீழதான் விழும். மேல விழாது."

ரஸீன் முகம் சுளித்தான். கிழவர் சிரித்துவிட்டார். "புள்ள சொல்றது சரிதானே. பக்கத்து வூட்டுக்காரனுக்கு எங்கட மேல ஹக்கு ஈக்கி மகன், உரிம ஈக்கி. கட்டு."

அன்று பஸ்ஸில் திரும்பும்போது சுகிர்தாவுக்கு மனம் நிறைந்திருந்தது. இந்தத் தொழிலில் தன் சனத்துக்கென்று ஒரு காரியம் செய்தாகிவிட்டது.

கார்த்திகை மழையில் அந்த மதில் விழுந்தது.

அந்த வரிசை வீடொன்றில் இருந்த கணபதி அப்போது குசினியில் இருந்தார். வத்தேகமச் சந்தையில் மரக்கறி மூட்டை இறக்குகிறவர். மழைக்கு வேலையில்லை என்று வீட்டில் நின்றவர். மனைவி பாலம்மா பக்கத்து வீட்டுக்குப் போயிருந்ததால் தப்பினாள். கல்லைப் புரட்டி ஆளை எடுக்கும்போது உயிர் மிஞ்சியிருக்கவில்லை.

மறுநாள் விடியக்காலையிலேயே ரஸீன் அழைத்தான். "மிஸ், ஒடனே வாங்க. வாப்பா கீழ போகப்போறாரு. எங்கட பேச்சக் கேக்கிறாரில்ல."

சுகிர்தா போய்ச் சேர்ந்தபோது மழை தூறலாகியிருந்தது. ஹாஜியார் தொப்பி போட்டு, கையில் குடையோடு முற்றத்தில் நின்றார். பக்கத்தில் வேனின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே மூடி போட்ட பெரிய சட்டிகள். சுடுசோற்றின் ஆவி மணத்தது. சாவு வீட்டில் அடுப்பு எரியாது என்று மேல் வீட்டுப் பெண்கள் இருட்டோடு எழும்பிச் சமைத்திருக்கிறார்கள்.

"மரக்கறிதான் மகள்" என்றார் ஹாஜியார், அவள் ஏதோ கேட்டுவிட்ட மாதிரி. "அவங்க மௌத்து வூட்டுல மச்சம் சாப்பிடமாட்டாங்கதானே."

"போய் என்ன சொல்லப்போறீங்க ஹாஜியார்?"

"மாப்புக் கேக்கிற. வேற சொல்ல என்ன ஈக்கி?"

"அதத்தான் சொல்லக்கூடாது."

காப்புறுதிப் பத்திரத்தில் அப்படி ஒரு நிபந்தனை உண்டு. விபத்து நடந்தால் கம்பனியின் சம்மதம் இல்லாமல் தவறை ஒப்புக்கொள்ளக் கூடாது, வாக்குக் கொடுக்கக் கூடாது, பாதிக்கப்பட்டவர்களுக்கு எதையும் கொடுக்கவும் கூடாது. மீறினால் கம்பனி கை கழுவிவிடும். பத்திரத்தை விற்கும்போது இதை யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. சுகிர்தாவும் வாசித்துக் காட்டவில்லை.

"மையத்து வூட்டுக்குப் போக கம்பனிட்ட பெர்மிஷன் எடுக்கணுமா?"

"போகலாம். வாயத் திறக்கக்கூடாது."

"வாயத் தொறக்காம அங்க போய் நிக்கிறதுக்கு நான் என்ன, லைட் போஸ்ட்டா?" கிழவர் குடையை நிலத்தில் ஊன்றினார். "மகள், அந்த மதில்ல ஒரு விஷயம் ஈக்கி. ரஸீன்ட கலியாணத்துக்கு நாங்க—"

"வாப்பா" என்றான் ரஸீன்.

"எனக்கும் சொல்லாதீங்க ஹாஜியார்" என்றாள் சுகிர்தா. "எனக்குத் தெரிஞ்சா நான் கம்பனிக்குச் சொல்லியே ஆகணும்."

அவர் வாயை மூடிக்கொண்டார். அந்த முகத்தைப் பார்க்க அவளுக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. செத்த வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்பிப் பெரிய மனிதராகிற முதலாளிமாரை அவள் சின்ன வயதிலிருந்தே பார்த்துச் சலித்தவள். பெரியப்பா குப்பை லொறிக்குள் நசுங்கிச் செத்தபோதும் அரிசி மூட்டைதான் வந்தது. அதைக் கொண்டுவந்து கொடுத்தவருக்கு அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடு இன்றுவரை சுகிர்தாவின் தொண்டையில் நிற்கிறது.

"நான் நேராச் சொல்றேன்" என்றாள். "மாப்பு உங்க மனசுக்கு. அந்தப் பொம்பளைக்கு வேண்டியது நட்டஈடு. நீங்க போய் ஒரு வார்த்தை சொல்லிட்டா உங்களுக்கு நித்திரை வரும், அவங்களுக்கு ஒண்ணும் வராது. பேசாம இருந்தீங்கன்னா கம்பனி குடுக்கும். அவங்க காலத்துக்கும் காணும். எது பெரிசு?"

ஹாஜியார் குடையின் கைப்பிடியைத் திருகினார். "அந்தப் புள்ளைக்குக் கெடைக்கும்ண்டா சரி" என்றார் கடைசியில். "நான் பொறுத்துக்கொள்றேன். இந்தச் சோத்தையாவது அனுப்பலாம்தானே?"

சுகிர்தாவுக்கே தெரியவில்லை. மோகனராஜுக்கு அழைத்துக் கேட்டாள்.

"சோறா? வேணாம்மா. நாளைக்கு எதிர்ப்பக்க லோயர் கேப்பான், ஒரு நாளும் இல்லாம அன்னைக்கு மட்டும் எதுக்கு இவ்வளவு சோறு அனுப்பினீங்கன்னு."

அவள் அதை அப்படியே திருப்பிச் சொன்னாள். ஹாஜியார் குடையை மடக்கினார். வேனின் பின்கதவைச் சாத்திய சாரதி, எங்கே கொண்டுபோவது என்று கேட்டான். வீடிழந்தவர்களைத் தங்கவைத்திருக்கும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னான் ரஸீன். வேன் வெளியே போய், கீழே இறங்காமல் மறுபக்கம் திரும்பியது.

விழுந்த இடத்தைப் படம் பிடிக்க சுகிர்தா கீழே போக வேண்டியிருந்தது. பிரதேச சபையின் இயந்திரம் வந்து கல்லையும் மண்ணையும் வாரி டிராக்டரில் ஏற்றிக்கொண்டிருந்தது. எதைப் பார்க்க வேண்டுமென்று தெரியாமலே நாலைந்து படம் எடுத்தாள். பக்கத்து வீட்டுச் சுவரோரம் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பாலம்மா, அழுது முடித்த முகம்.

"யாரு பாப்பா நீ?"

"மஹய்யாவ. இன்சூரன்ஸ் பக்கம் வேலை செய்றேன்."

"நம்ம புள்ளையா." பாலம்மா நகர்ந்து இடம் விட்டாள். "மேல வீட்டு ஹாஜியாருக்கு ஒடம்புக்கு என்னமுமா?"

"ஏன் கேக்குறீங்க அக்கா?"

"இல்ல, அவரு வராம இருக்க மாட்டாரு. எங்க மாமியா செத்தப்ப பாடைக்கு மூங்கில் வெட்டுனதே அவரு வளவுலதான். மொத ஆளா வந்து நின்னாரு."

"வருவாரு" என்றாள் சுகிர்தா.

"வருவாரு, வருவாரு" என்றாள் பக்கத்திலிருந்த கிழவி. "மதிலே எறங்கி வந்திருச்சு. அவருதான் பாக்கி."

யாரோ சிரித்து, உடனே இருமிச் சமாளித்தாள். "சும்மா இருங்க சின்னம்மா" என்றாள் பாலம்மா. அவள் மடியில் பாதி தின்ற பாண் துண்டு ஒன்று ஈரத்தில் ஊறிக் கிடந்தது. கடையிலிருந்து வந்த பாணும் வாழைப்பழமும்தான் அன்று அங்கே சாப்பாடு.

தை பிறந்த பிறகு கம்பனியின் பொறியியலாளர் வந்து பார்த்தார். அவர் வரும்போது அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. கல் எல்லாம் ஏதோ ஒரு பாதைக்கு நிரப்பப் போய்விட்டது. நீல நிறத் தறப்பாள் ஒன்று மண்ணை மூடிக் கிடந்தது. சில வாரங்களில் முடிவு வந்தது. மோகனராஜ் சுகிர்தாவை அறைக்குக் கூப்பிட்டுக் கதிரையைக் காட்டினார். நல்ல சந்தோஷத்தில் இருந்தார்.

"ஹாஜியார் குடும்பம் தப்பிச்சிருச்சு. மதில்ல பிழையில்ல. அந்த மாதிரி மழைக்கு எந்த மதிலும் நிக்காதாம். கீழ வீடு கட்டினவங்களுக்கு அனுமதியும் இல்ல. ஆகவே ஹாஜியாருக்குப் பொறுப்பில்ல. பொறுப்பில்லன்னா கம்பனி குடுக்க ஒண்ணுமில்ல."

"அப்ப பாலம்மாவுக்கு?"

"யாரு பாலம்மா?"

"செத்தவரோட மனைவி, சேர்."

"ஓ. அவங்க வேணும்னா வழக்குப் போடட்டும். போட்டா ஹாஜியாருக்காகக் கம்பனியே லோயர் வச்சு வாதாடும், ஹாஜியார் ஒரு சதம் செலவழிக்கத் தேவையில்ல. நல்ல பொலிசியா எடுத்துக் குடுத்திருக்கீங்க சுகிர்தா. வாழ்த்துக்கள்."

அவர் உண்மையாகவே பாராட்டினார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"நான் அத அந்தச் சனத்துக்காகத்தான் எடுக்கச் சொன்னேன் சேர்."

மோகனராஜ் கண்ணாடியைக் கழற்றினார். கோபிக்கவில்லை. "அவங்களா பிரிமியம் கட்டினாங்க?"

படித்து, சோதனை எழுதி, சான்றிதழ் வாங்கி, இத்தனை குடும்பங்களுக்கு விளக்கம் சொல்லிவிட்டு, இந்த ஒரு கேள்வியை அவள் தன்னைக் கேட்டுக்கொண்டதே இல்லை. காப்புறுதி கட்டினவனுக்குத்தான் காவல். விழுந்தால் கீழே இருப்பவர்களுக்கு என்று நினைத்து அவள் வாங்கிக் கொடுத்தது, கீழே இருப்பவர்களோடு சண்டை பிடிக்க ஒரு வக்கீலை.

"இது அயோக்கியத்தனம் சேர்."

"எதும்மா?"

அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கி, மடவளை பஸ்ஸில் ஏறினாள்.

ஹாஜியார் வீட்டின் பின்பக்க விறாந்தையில், தறப்பாளைப் பார்த்தபடி கதிரையில் இருந்தார். மெலிந்துபோயிருந்தார். சேட்டுக் கழுத்துக்குள் கழுத்து தனியாக ஆடியது.

"கம்பனி காசு குடுத்திச்சா மகள்?"

"இல்ல. குடுக்காது. நான் உங்களத் தடுத்தது பிழை ஹாஜியார்."

"குடுக்காதா" என்றார் அவர். தறப்பாளை ஒரு தடவை பார்த்துவிட்டு, "அப்ப அன்டைக்கு சொல்ல வந்ததை இப்ப சொல்லலாமா?" என்று கேட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை கேட்கிற மாதிரி இருந்தது.

"சொல்லுங்க."

"மதில்ல தண்ணி வடியிற ஓட்டைகள் ஈந்திச்சி. மழை பெஞ்சா செவப்புத் தண்ணி வடிஞ்சி மதிலெல்லாம் ஊத்தையாகும். ரஸீன்ட கலியாணத்துக்கு வெள்ள பெயின்ட் அடிச்சோம். போட்டோவுக்கு அசிங்கமா ஈக்கும்ண்டு நான்தான் அந்த ஓட்டைகள சீமெந்தால பூசச் சொன்ன. பூச வந்த மேசன் சொன்னான், ஹாஜியார், தண்ணி உள்ள நிண்டு தள்ளும்ண்டு. நான்தான் கலியாணம் முடிய தொறக்கலாம்ண்ட." அவர் கையை விரித்தார். "மருமகள் வந்து, பேரப்புள்ளயும் பொறந்தாச்சி. தொறக்கல்ல."

மதிலை முதன்முதல் பார்த்த அன்று அது எவ்வளவு சுத்தமாக இருக்கிறதென்று வியந்தது சுகிர்தாவுக்கு நினைவு வந்தது. ஓட்டை எங்கே என்று கேட்க அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"இத வெளிய சொன்னா கம்பனி விலகிரும்" என்றாள். "வழக்குன்னு வந்தா உங்க கையாலதான் கட்டணும். கடை போகலாம். வீடும் போகலாம்."

"போகட்டும். எந்திரிக்கக் கொஞ்சம் கையக் குடு."

ரஸீன் கேட்டடியில் வந்து மறித்தான். தகப்பனைப் பார்த்துவிட்டு அவளிடம் திரும்பினான். "மிஸ், நீங்க எங்கட ஆளா, அவங்கட ஆளா?"

"இத நீங்க மொதல்லயே கேட்டிருக்கணும்."

"ஒங்கட சேருக்கு நான் இப்பயே கோல் எடுக்கிறேன்."

"எடுங்க" என்றாள்.

கீழே பாலம்மா வீட்டில் மிஞ்சிய முன்னறைக்குத் தகரம் போட்டிருந்தார்கள். தூறல் மறுபடி தொடங்கியிருந்தது. கட்டுகஸ்தோட்டையில் ஃபோன் திருத்தும் கடையில் வேலை செய்யும் மகன் சதீஸ்குமார் வீட்டில் இருந்தான். ஹாஜியார் வாசலில் நிற்பதைக் கண்டதும் பாலம்மா எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள். யாரும் வாங்க என்று சொல்லவில்லை. சதீஸ்குமார் ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டான். ஹாஜியார் உட்காரவில்லை.

"பாலம்மா" என்றார். "எனக்கு மாப்புத் தாங்க. தண்ணி போற ஓட்டைய நான்தான் அடைக்கச் சொன்ன. எங்கட கலியாணப் போட்டோவுக்காக. அதாலதான் ஒங்கட மனிசன்..." குரல் அடைத்துக்கொண்டது. தொப்பியை எடுத்து முகத்தைத் துடைத்தார். "அன்டைக்கே வந்திருக்கணும். வரல்ல."

பாலம்மாவின் உதடு அசைந்தது. ஏதோ சொல்லப்போகிறாள் என்றுதான் சுகிர்தா நினைத்தாள்.

அதற்குள் சதீஸ்குமார் சட்டைப்பையிலிருந்து ஃபோனை எடுத்தான். "ஹாஜியார், இதத் திரும்பச் சொல்லுவீங்களா? கொஞ்சம் சத்தமா. தகரத்துல மழை விழுது, பதிவுல குரல் விழாது."

ஹாஜியார் சுகிர்தாவைத் திரும்பிப் பார்த்தார். அன்று முற்றத்தில், சோற்றை அனுப்பலாமா என்று கேட்ட அதே பார்வை.

கோர்ட்டுக்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது என்று அவளுக்குத் தெரியும். இது இல்லாவிட்டால் பாலம்மாவுக்கு ஒன்றுமே இல்லை. "சொல்லுங்க" என்றாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். தன் பெயரைச் சொன்னார், வாப்பாவின் பெயரைச் சொன்னார், விலாசத்தைச் சொன்னார். பதிவுக் கந்தோரில் நிற்கிறவர் மாதிரி ஒவ்வொன்றாக, சத்தமாக. மேசன் சொன்னது, பெயின்ட், சீமெந்து, எல்லாம் ஒழுங்காக வந்தது. இந்தத் தடவை குரல் உடையவில்லை. எல்லாம் முடிந்து அவர் பாலம்மாவின் பக்கம் திரும்பி மாப்பு என்று தொடங்கும்போது, "காணும் ஹாஜியார், இவ்வளவு போதும்" என்று சதீஸ்குமார் பதிவை நிறுத்தினான்.

அவர் அதையும் சொல்லி முடித்தார். சொல்லிவிட்டு நின்றார்.

"அம்மா என்ன சொல்றாங்க மகன்?"

"அம்மாவ ஒண்ணும் சொல்ல வேணாம்னு எங்க லோயர் சொல்லியிருக்காரு" என்றான் சதீஸ்குமார். கடுப்பாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னான். "மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை வாயில வந்தாலும் அதப் புடிச்சிக்கிட்டு கேஸ உடைச்சிருவாங்களாம்."

பாலம்மா சுகிர்தாவைப் பார்த்தாள். "நெசமாவா பாப்பா? நீ படிச்சவ, சொல்லு. சொல்லக்கூடாதா?"

கம்பனி வக்கீல்மாரின் வேலை அவளுக்குத் தெரியும். சதீஸ்குமாரின் வக்கீல் சொன்னதில் பிழையில்லை.

"சொல்லாதீங்க அக்கா."

பாலம்மா தலையை ஆட்டினாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, அறையின் மூலைக்குப் போய் அவர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

வெளியே வந்ததும் ஹாஜியார் கேட்டார். "கேஸ் முடிஞ்சா சொல்லலாம்தானே?"

"சொல்லலாம்."

"எப்ப முடியும் மகள்?"

வேறு யாரிடமென்றால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பாள். "உங்க காலத்துல முடியாது ஹாஜியார்."

அவர் ம் என்றார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, அவள் நீட்டிய கையைப் பிடிக்காமல், வழுக்கும் படிகளில் தனியாக ஏறத் தொடங்கினார். பின்னால் தகர வீட்டுக்குள் சதீஸ்குமார் பதிவு சரியாக விழுந்திருக்கிறதா என்று போட்டுப் பார்த்தான். மழைக்குள்ளும் ஹாஜியாரின் குரல் தெளிவாகக் கேட்டது.